தலைக்கயிறு

கொழும்பு நகரிலே ஆண்டுத் தொடக்கத்தில் நிகழும் கலைக்காட்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு இதழாசிரியர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். ஓவியத்தையும் சிற்பத்தையும் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. நான் கற்றதும் கற்பிப்பதும் வேறு துறை. ஆயினும் 2022 ஆம் ஆண்டு ஜனவரியில் அக்காட்சிகளுக்கு என் தாயாரை அழைத்துச் சென்ற ஒரு நாள் இன்னும் என் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. அதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார்.

என் ஊர் கினிகத்தேனை. அவிசாவளையிலிருந்து ஹற்றன் நோக்கி ஏறும் பாதையில் கித்துல்கலையைக் கடந்து, வளைவுகள் பலவற்றைத் தாண்டிக் கணவாயை அடைந்தால் அவ்வூரின் கடைத்தெரு தோன்றும். மழைக்குப் பேர்போன இடம். அடுத்துள்ள வட்டவளையும் எங்களூரும் தென்மேற்குப் பருவக்காற்றை நெஞ்சிலே தாங்கிக்கொள்வதால், மேலேயுள்ள நுவரெலியாவைவிட எங்களுக்கே மழை மிகுதி. கடைத்தெருவிற் சிங்களம் வழங்கும். மலைச்சரிவுகளிலுள்ள லயங்களில் தமிழ் வழங்கும். என் தாயார் அச்சரிவொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்தெடுத்தவர். சேமலாப நிதியைப் பெற்று ஓய்ந்திருந்த காலத்திற் கண்ணிற் புரை படர்ந்தது. கொழும்பிலே சத்திரசிகிச்சை முடிந்து, மீளாய்வுக்காக என்னுடன் வந்து தங்கியிருந்தார். கண் தெளிவாகிவிட்டது என்று வைத்தியர் கூறிய அன்றுதான், கண்ணுக்கு ஏதேனும் காட்டவேண்டும் என்ற எண்ணம் எனக்கு எழுந்தது. கடற்கரையைக் காட்டியிருக்கலாம். எனக்கென்னவோ கலைக்காட்சியே தோன்றியது. மகன் எத்தகைய உலகிற் பழகுகிறான் என்பதை அவர் காணவேண்டும் என்ற சிறு கர்வமும் அதனுள் இருந்தது என்பதை மறைப்பானேன்?

2013 இல் தொடங்கிய ‘கொலம்போஸ்கோப்’ என்னும் கலைவிழா அந்நாட்களில் நடைபெற்றுக்கொண்டிருந்தது. மொழி புலம்பெயர்வது என்னும் பொருள்படும் தலைப்பொன்றை, சிலி நாட்டுக் கவிஞரும் ஓவியருமான செசிலியா விக்குன்யாவின் ஆக்கமொன்றிலிருந்து எடுத்து அவ்வாண்டு விழாவுக்குச் சூட்டியிருந்தனர். பொது நூலகத்திலும் கொம்பனித்தெருவிலுள்ள றியோ கட்டடத்திலும் வேறு சில இடங்களிலுமாகக் காட்சிகள் பரந்திருந்தன. பெருந்தொற்றின் காரணமாக யாவரும் முகக்கவசம் அணிந்திருந்தோம். பார்ப்பவர்களின் கண்களை மாத்திரமே காண முடிந்த அந்நிலை கலைக்காட்சிக்குப் பொருத்தமானதே என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொன்னார்.

றியோவைப் பற்றி இளைய மாணவர் சிலர் அறியாதிருக்கக்கூடும். தமிழ்க் குடும்பமொன்றுக்கு உரிய திரையரங்கும் விடுதியும் அமைந்த கட்டடம் அது. 1983 யூலையில் எரியூட்டப்பட்டது. கரி படிந்த சுவர்களும் வெறுமையான அறைகளுமாகப் பல்லாண்டு நின்ற அக்கட்டடத்தைப் பிற்காலத்தில் ஓவியர்கள் காட்சியிடமாக எடுத்துக்கொண்டனர். அம்மா படிகளில் மெல்ல ஏறினார். சுவரில் மாட்டியிருந்தவற்றைப் பார்த்ததைவிடச் சுவரையே அதிகம் பார்த்தார். “இத அப்புறம் கட்டாமயே விட்டுட்டாங்களா?” என்று கேட்டார். ஆம் என்றேன். மேலே எதுவும் கேட்கவில்லை. அந்த யூலையிலே மலையகத்தில் என்ன நடந்தது என்பதை அவர் எனக்கு ஒருபோதும் முழுமையாகச் சொன்னதில்லை.

நான் சொல்லவந்த நிகழ்ச்சி அங்கு நடந்ததன்று. அதே நாட்களில், நகரின் வேறொரு பகுதியில், தனியார் காட்சிக்கூடமொன்றில் கைவினையும் வடிவமைப்பும் பற்றிய சிறு காட்சி ஒன்று இருந்தது. அதன் பெயர் இங்கு வேண்டா. குளிரூட்டப்பெற்ற வெண்ணிற மண்டபம். மரக்கதிரைகள், கைத்தறித் துணிகள், பித்தளை விளக்குகள். அவற்றின் நடுவே, கூரையிலிருந்து மெல்லிய கம்பிகளில், கொழுந்துக் கூடைகள் ஏழெட்டுத் தொங்கின. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு மின்விளக்கு. பிரம்பின் இடைவெளிகளூடாக ஒளி கசிந்து சுவரெங்கும் வலைபோல நிழல் படிந்திருந்தது. அழகாகவே இருந்தது; அதை மறுப்பதற்கில்லை. விளக்க அட்டை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது.

அம்மா அவற்றின் கீழே நெடுநேரம் நின்றார். பின்னர் கையை உயர்த்தி ஒரு கூடையின் விளிம்பைத் தொடப் போனார். காட்சிக்குப் பொறுப்பாயிருந்த இளம்பெண் விரைந்து வந்தாள். கடிந்துகொள்ளவில்லை, புன்னகையுடனே தொடவேண்டாம் என்று சைகை காட்டினாள். அம்மா கையை எடுத்துக்கொண்டு என்னிடம் உரத்த குரலில் சொன்னார்:

“என்னய்யா, இதுக்குத் தலக்கயிறே இல்லயே. கயிறு இல்லாமக் கூடைய எப்படிச் சொமக்கிறது? கூடைக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்களே, இந்த லைட்டுக்கும் சேத்துக் கழிப்பாங்களா?”

மண்டபத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர். அந்தப் பெண் ஆர்வத்துடன், அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் சிங்களத்தில் வினவினாள். உண்மையிலேயே அறிய விரும்பினாள் என்றே இன்றும் நம்புகிறேன். நான் சிங்களத்தில் விடை கூறினேன்: “லஸ்ஸனய்” என்கிறார். அழகாயிருக்கிறதாம்.

அவள் மகிழ்ந்து கைகூப்பினாள். நாங்கள் வெளியே வந்தோம்.

அந்த ஒரு சொல்லைப் பற்றி எழுதுமுன் கூடையைப் பற்றிச் சிறிது எழுதவேண்டும். வடிவமைப்பு என்ற சொல்லை இந்நாளில் மிகுதியாக வழங்குகிறோம். வடிவமைத்தவரின் பெயர் தெரிந்தால்தான் அது வடிவமைப்பு என்றும் பெயர் தெரியாவிட்டால் அது கைவினை என்றும் வகுத்துக்கொள்கிறோம். கொழுந்துக் கூடையைச் செய்தவர் இன்னார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். வாய் அகன்றிருப்பதால் இரு கைகளாலும் பறிப்பதைத் திரும்பிப் பாராமலே தோளுக்கு மேலாக உள்ளே எறியலாம். பின்னலின் இடைவெளி காற்றை விடுவதனால் கொழுந்து அவிந்து சூடேறாது. இவை யாவற்றுக்கும் மேலாகத் தலைக்கயிறு. முழுப் பாரத்தையும் நெற்றிக்கு மேலே ஏற்றி முதுகெலும்பின் வழியே கால்களுக்கு இறக்கிவிடுவதும், இரண்டு கைகளையும் தொழிலுக்காக விடுவிப்பதும் அக்கயிறுதான். அதை நீக்கினால் மீதியாவது ஒரு பாத்திரம், கூடையன்று. கயிறு பதிந்த இடத்திலே தலைமயிர் தேய்ந்து போவதும் அவ்வடிவமைப்பின் ஒரு பகுதியே என்று சொன்னாற் கேட்பவர்கள் முகஞ்சுளிக்கலாம். என் தாயாரின் உச்சிக்கு முன்னே அந்தத் தழும்பு இருக்கிறது.

கழிவு என்பதும் அவ்வாறே. மடுவத்தில் நிறுக்கும்போது கூடையின் பாரத்துக்கென்றும் மழை ஈரத்துக்கென்றும் சில கிலோ குறைத்தே கணக்கெழுதுவர். ஒரு நாட்பேருக்கு எடுக்கவேண்டிய நிறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அது குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சில் வேதனச் சபை மூலம் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் அறிவிக்கப்பெற்ற பின்னரும் அந்தக் கழிவின் கணக்கு மாத்திரம் மாறவில்லை என்பது லயத்துப் பெண்களின் முறைப்பாடு. ஆகவே அம்மா கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று. ஒரு பொருளைக் கண்டதும் அதன் விலையையும் பாரத்தையும் கேட்டார். திறனாய்வாளர் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே என்று எனக்குப் பின்னர் தோன்றியது.

தேயிலையும் காட்சிமண்டபமும் புதிதாகச் சந்தித்தவை அல்ல. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இருபது ஆண்டு நிறையுமுன்னரே, 1886 இல் இலண்டனில் நடந்த குடியேற்ற நாடுகள், இந்தியா ஆகியவற்றின் பொருட்காட்சியில் இலங்கைத் தேயிலை இடம்பெற்றது. 1893 இற் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கை மண்டபம் ஒன்றை எழுப்பி, செதுக்குவேலை நிறைந்த தூண்களின் நடுவே தேநீர் பரிமாறினர். லிப்டன் தோட்டங்களை வாங்கிய பின் அவருடைய விளம்பரங்களிற் கூடை சுமந்த பெண் நிலையான உருவமானாள். 1934 இல் பசில் றைற் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் புகழ்பெற்ற ஆவணப்படத்துக்குப் பணம் அளித்தது தேயிலைப் பிரசாரச் சபை. குரல் கொடுத்தவர், பின்னாளில் 43 குழுவினரின் தோற்றத்துக்கு முன்னின்ற லயனல் வென்ற். ஆனால் அப்படத்தில் மேலோங்கி நிற்பன பௌத்த யாத்திரையும் சிங்களக் கிராமமுமே. தேயிலை பணம் கொடுத்தது. தேயிலை பறித்தவள் அழகுக்காக வந்து போனாள். சுவர்ப்படத்திலும் திரைப்படத்திலும் அவளுக்குச் சிரிப்பு உண்டு, பேச்சு இல்லை. அவள் பேசினால் அதை மொழிபெயர்க்க ஒருவன் வேண்டும். அந்த வெண்மண்டபத்தில் அந்த ஒருவன் நான்.

காலம் மாறவில்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. மலையகத்திற் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் தேநீர் வடிகளையுமே தம் ஓவியப் பரப்பாகக் கொண்டவர். அத்தகையோர் ஆக்கங்களில் தேயிலை ஒரு சாயமாக அன்றிக் கறையாகவே படிந்திருக்கும். கம்பளைக்கு அண்மையிலுள்ள பழைய பீக்கொக் தோட்டத்தில், பழைய லயமொன்றையே அரும்பொருளகமாக்கி 2007 இல் திறந்தனர். தொழிற் கருவிகளும் வீட்டுப் பாத்திரங்களும் பழைய ஆவணங்களும் அங்கே, அவை கிடந்த அளவு அறைகளிலேயே கிடக்கின்றன. அம்மாவை அங்கு அழைத்துச் சென்றிருக்கவேண்டும். செல்லவில்லை. கொழும்பைக் காட்டவே விரும்பினேன்.

தா. சனாதனனின் ‘முற்றுப்பெறாத தோம்பு’ 2011 இல் நூலுருவாக வெளிவந்தது. வடக்கிலிருந்து பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைவர். அதைக் கட்டடக்கலை முறைப்படி மீள வரைவர். அதன்மேல் ஓவியரின் சித்திரம் அமையும். அந்நூலைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை உண்டாகும். நினைவிலிருந்து வரைவதற்கு அவர்களுக்குக் கிணறு இருந்தது, வேலி இருந்தது, சாமியறை இருந்தது. எங்கள் லயத்தை வரையச் சொன்னால் நான் என்ன வரைவேன்? பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னே இஸ்தோப்பு. தொங்கல் காம்பிராவாயின் ஒரு சுவர் மேலதிகமாக மழையில் நனையும். என்னுடையதும் அடுத்தவருடையதும் ஒரே படம். தோம்பில் எழுத உரித்தும் இல்லை. இழப்பிலும் ஏற்றத்தாழ்வு பார்க்கும் இப்புத்தி இழிந்ததென்று அறிவேன். இருந்தும் எழுந்ததை எழுதினேன்.

அன்று மாலையே ஹற்றன் பஸ்ஸில் ஊருக்குப் புறப்பட்டோம். அவிசாவளை வரை அம்மா உறங்கியிருந்தார், அல்லது உறங்குவதுபோல் இருந்தார். யட்டியாந்தோட்டையில் பஸ் நின்றபோது, யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்:

“லஸ்ஸனன்னு நான் சொல்லலியே.”

முப்பது ஆண்டுகளாகக் கினிகத்தேனைக் கடைத்தெருவில் அரிசியும் கருவாடும் வாங்கியவருக்கு அச்சொல் தெரியாதா? அதை நான் மறந்துவிட்டேன். வாய் திறந்து ஏதோ கூறினேன். அந்தப் பெண் மனம் நோகக்கூடாது என்று கூறினேன். அது பாதி உண்மை. அவர் உரக்கப் பேசியதும், எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், நான் அவரிடமிருந்து இரண்டடி விலகி நின்றதும் மீதி. இரண்டடி விலகியதை அவர் கண்டாரா என்று எனக்குத் தெரியாது. கண் அன்றுதான் தெளிந்திருந்தது.

கித்துல்கலைக்கு மேலே மழை பிடித்துக்கொண்டது. நடத்துநர் யன்னல்களை இழுத்து மூடினார். அம்மா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “அந்தப் புள்ள நல்ல புள்ள. சொல்லியிருந்தா வெளங்கிக்கிட்டிருக்கும்” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி வழியிற் பேச்சில்லை.

இரண்டு நாள் கழித்து நான் கொழும்புக்குத் திரும்பும் வேளையில், அட்டலின் மேலிருந்து ஒரு பழஞ்சாக்கை இறக்கினார். உள்ளே அவருடைய தலைக்கயிறு இருந்தது. கூடை எப்போதோ உளுத்து அடுப்புக்குப் போயிருந்தது. தோட்டத்திலும் கூடைக்குப் பதிலாக நைலான் பை வந்துவிட்டது. கயிற்றை மட்டும் வைத்திருந்தார். நெற்றியிற் படும் பாகத்திற் பழைய சேலைத்துண்டைச் சுற்றித் தைத்திருந்தார். வியர்வையும் எண்ணெயும் ஊறி அது தோல்போலக் கறுத்திருந்தது.

“அந்தப் புள்ளகிட்டக் குடுத்துரு. ஒரு கூடைக்காவது கட்டட்டும்.”

வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை. முதல் வாரம் நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னர் அக்கூடத்தின் வாசலில் நின்று என்ன மொழியில் எதைச் சொல்வதென்று தெரியவில்லை. பின்னர் காட்சி முடிந்து மண்டபத்தை வேறொன்றுக்கு ஒழித்துவிட்டனர். ஏப்பிரலில், மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாடெங்கும் வரிசைகள் நீண்டிருந்த நாட்களில், ஊருக்குப் போனேன். அம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

“குடுத்தியா?”

“அது முடிஞ்சு போச்சும்மா. எல்லாத்தையும் கழட்டிட்டாங்க.”

அவர் சற்று யோசித்தார்.

“அப்ப அந்தக் கூடையெல்லாம் இப்ப எங்க வச்சிருப்பாங்க?” என்று கேட்டார்.