யாருடைய சனிக்கிழமை?

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம்மவர் நம்பிக்கை. எனக்கோ கடந்த நான்கு ஆண்டுகளாகத் தை பிறக்கும்போதெல்லாம் ஒரு படிவமே பிறந்துகொண்டிருக்கிறது. கலாநிதிப் பட்ட ஆய்வுக்கான பதிவை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். அதனுடன் முன்னேற்ற அறிக்கையும், கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டும் இணைக்கப்படல் வேண்டும். 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள் நாம். கிராமத்துப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம் வரை என்னை ஏற்றிவிட்ட ஏணி அதுவே. ஆனால், அவ்வேணி முதற்பட்டத்துடன் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே ஏறுபவர் தம் சம்பளத்தையும் வீட்டாரின் பொறுமையையும் படியாக அடுக்கிக்கொண்டே ஏறவேண்டியிருக்கிறது.

நான் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியை. என் கணவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் லிகிதர். மூத்தவன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். இளையவளுக்கு மூன்று வயது. பாடக்குறிப்பு எழுதி, விடைத்தாள் திருத்தி, பிள்ளைகளை உறங்கவைத்த பின்னர் எஞ்சும் ஒன்றரை மணி நேரத்தில் எத்தகைய ஆராய்ச்சி நிகழும் என்பதை ஆசிரிய நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே எனக்கு வாய்த்த உண்மையான ஆய்வு நாள் சனிக்கிழமை ஒன்றே.

உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் ஆகிய ஊர்களின் செம்மண் தோட்டங்களில் வெங்காயச் செய்கைக்குக் கூலியாகச் செல்லும் பெண்களின் உழைப்பே என் ஆய்வுப்பொருள். நடுகையும், களை பிடுங்குதலும், பிடி கட்டுதலும் பெரும்பாலும் அவர்கள் கைகளாலேயே நடைபெறுகின்றன. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டதையும், 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதையும் பத்திரிகைகள் எழுதின. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்கவியலாத தோட்டக்காரர் எவரை முதலில் நிறுத்தினர் என்பதை எழுதியோர் குறைவு. அதனை எழுதவேண்டும் என்ற ஆர்வத்திலேயே இவ்வாய்வில் இறங்கினேன். ஒவ்வொரு பெண்ணும் விடியற்காலை எழுவது முதல் இரவில் படுப்பது வரை மணித்தியாலக் கணக்கு எடுத்தேன். கூலி கிடைக்கும் நேரம் ஒரு நிரலில்; கூலியற்ற நேரம் மறு நிரலில்.

என் இளைய மகளைப் பார்த்துக்கொள்பவர் அயலில் வாழும் ஓர் அக்கா. முன்னர் அவரும் வெங்காயத் தோட்டத்துக்குச் சென்றவரே. முழங்கால் நோவினால் குந்தியிருக்க முடியாமற் போகவே என் வீட்டுக்கு வரத் தொடங்கினார். சென்ற கார்த்திகையில் ஒரு மாலைப்பொழுது, மேசையில் விரிந்து கிடந்த என் அட்டவணைகளைச் சிறிது நேரம் நோக்கி நின்றவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ரீச்சர், ஒண்டு கேட்டால் குறை நினைக்கமாட்டியளே?"

"கேளுங்கோ அக்கா."

"தோட்டத்துக்குப் போற பெண்டுகளின்ர மணித்தியாலம் எல்லாம் எழுதிறியள். இஞ்ச நான் நிக்கிற மணித்தியாலம் எந்தப் பக்கத்தில வரும்?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. அறிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. அதனாலேயே அது என்னைத் தைத்தது. அன்றிரவு அவருக்கு நான் கொடுக்கும் மாதச் சம்பளத்தை மணித்தியாலங்களால் வகுத்துப் பார்த்தேன். தோட்டத்துப் பெண்ணின் மணிக்கூலியில் பாதிக்குச் சற்று மேலாகவே அது இருந்தது. உடனே மனம் நியாயங்களைத் தேடிற்று. என் சம்பளமே அற்பம். அவர் எங்களுடனேயே உண்கிறார். எங்கள் வீட்டில் ஒருவரைப் போலவே இருக்கிறார். பின்னர்தான் நினைவு வந்தது. இதே மூன்று நியாயங்களையும் தோட்டக்காரர்கள் என்னிடம் கூறியிருந்தனர். என் குறிப்பேட்டில் அவற்றின் கீழே சிவப்பு மையினால் கோடிட்டிருந்தேன்.

சனிக்கிழமையின் கதை இன்னும் மோசமானது. அக்காவின் மகள் உயர்தர வகுப்பு மாணவி. சனிக்கிழமை காலையில் அவளுக்குப் பொருளியல் ரியூஷன். தாய் என் வீட்டில் நிற்பதனால், நோயாளியான பாட்டிக்கும் தம்பிமாருக்கும் சமைப்பது அவள் பொறுப்பாயிற்று. ஒரு தவணை முழுவதும் அவள் வகுப்புக்குப் போகவில்லை. நான் நூலகத்தில் அமர்ந்து பெண்களின் கூலியற்ற உழைப்பைப் பற்றி எழுதிய நேரம் அந்தப் பிள்ளையின் படிப்பிலிருந்து எடுக்கப்பட்ட நேரமாகும்.

1867ஆம் ஆண்டில் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் வேலைநாளைப் பற்றி நீண்ட அத்தியாயம் ஒன்று உண்டு. தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகளைத் துருவித் துருவி மார்க்ஸ் எழுதியது அது. எவரும் வாசிக்கவியலாத அவருடைய கையெழுத்தைப் படியெடுத்துக் கொடுத்தவர் மனைவி ஜெனி. அந்த வீட்டின் அடுப்பையும் பிள்ளைகளையும் பல்லாண்டுகள் பார்த்தவர் ஹெலன் டெமுத் என்னும் பணிப்பெண். 1890இல் அவர் மறைந்தபோது ஹைகேற் மயானத்தில் மார்க்ஸ் குடும்பத்தின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அது பெரிய மரியாதைதான், மறுக்கவில்லை. எனினும் கல்லறையில் கிடைக்கும் இடத்தைக் காட்டிலும் வாரத்தில் கிடைக்கும் ஒரு நாளையே அக்கா விரும்புவார் என நினைக்கிறேன்.

நாங்கள் செய்தது சிறிது. நிழற்படப் பிரதிகளுக்கென ஒதுக்கியிருந்த பணத்தைச் சம்பளத்தோடு சேர்த்தோம். ஆயினும் தோட்டத்துக் கூலியை அது இன்னும் எட்டவில்லை. சனிக்கிழமைகளில் அக்கா வருவதில்லை. அதற்காகச் சம்பளத்தைக் குறைக்கவும் இல்லை. ஒரு சனிக்கிழமை கணவர் பிள்ளைகளுடன் நிற்பார், மறு சனிக்கிழமை நான். "உனக்கு உதவி செய்யிறன்தானே" என்றார் அவர். உதவி என்ற சொல்லைப் பற்றி ஒரு முழு இரவு வாதாடினோம். முதல் நாள் சோறு குழைந்துவிட்டது. பிள்ளைகள் மகிழ்ச்சியுடனேயே உண்டனர். மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆம்பிளையை அடுப்படியில விட்டிட்டு என்ன படிப்பு, பிள்ளை?" என்றார். அவருக்கு இன்னும் விடை கூறவில்லை.

அக்காவின் மகள் மறுபடியும் வகுப்புக்குப் போகிறாள். தவறவிட்ட தவணையைப் பிடித்துவிடுவாளா என்பது பரீட்சைக்குப் பின்னரே தெரியும். என் நூலக நாட்களோ பாதியாயின. ஆகவே ஐந்தாம் ஆண்டுக்கான படிவத்தில், ஆய்வேடு சமர்ப்பிக்கும் திகதியை ஓர் ஆண்டு பின்தள்ளி எழுதினேன். தாமதத்துக்கான காரணம் கேட்கப்பட்ட இடத்தில், 'வீட்டில் வேலை நேரம் மீளப் பங்கிடப்பட்டமை' என்று குறித்தேன்.

அலுவலகத்தில் அதனை வாங்கிப் பார்த்த லிகிதர் இரங்கும் குரலில், "குடும்பக் காரணம் எண்டு போடுங்கோ ரீச்சர். இல்லாட்டித் திரும்பி வரும்" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவர் தந்த பேனையாலேயே நான் எழுதியதை வெட்டிவிட்டு, அவர் சொன்னதை எழுதிக் கொடுத்தேன்.