அணைக்க மறந்த மைக்

லம்பா லைனில் பிப்ரவரி மாதத்துச் சூரியன் ஐந்தரை மணிக்குள் இறங்கிவிடுகிறது. சென்னைப் பழக்கத்தில் ‘மாலை 5.30, மஞ்சள் வெயில், வாசற்படி’ என்று அட்டவணை எழுதிக்கொண்டு வந்த மூன்று மாணவர்களும் முதல் நாளே ஒரு காட்சியை இருட்டுக்குப் பறிகொடுத்தார்கள். இந்தியா முழுவதற்கும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன் அப்படியில்லை. அந்தமான் சென்னைக்குக் கிழக்கே 12 டிகிரிக்கு மேல் தள்ளிக் கிடக்கிறது. விடிவதும் அடைவதும் ஏறக்குறைய 50 நிமிடம் முந்தி. அன்றிரவே அட்டவணையை அடித்துத் திருத்தினார்கள். காலைக் காட்சிகள் நாலரை மணிக்கு நகர்ந்தன.

அக்கா வீடு அங்கே. 2025 பிப்ரவரியில் ஒரு மாத விடுப்பில் போயிருந்தேன். அக்கா மகள் சென்னையில் விஸ்காம் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் கொடுக்க வேண்டிய குறும்படத்தைச் சொந்த ஊரில் எடுப்பதென்று, கேமராவுக்கு ஒருவன், எடிட்டிங்குக்கு ஒருவன் என இரண்டு நண்பர்களை அழைத்துவந்திருந்தாள். படப்பிடிப்பு 4 நாள். போதுமா என்றேன். புனே திரைப்படக் கல்லூரி மாணவர் சிதானந்த எஸ். நாயக் 4 நாளில் எடுத்த குறும்படம்தான் 2024இல் கான் விழாவின் மாணவர் பிரிவில் முதல் பரிசு வாங்கியது என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்தத் தலைமுறைக்கு மேற்கோள் எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது.

படம் பக்கத்து வீட்டு அம்மாயியைப் பற்றியது. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. வயது 74. பிறந்தது இலங்கையில், களுத்துறைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தது. அந்தக் கணக்கில் அடங்கியவர்களில் ஒருவர். எழுபதுகளில் கணவரோடு மண்டபம் முகாமுக்கு வந்தார். பால் வெட்டத் தெரிந்தவர்கள் என்பதால் அங்கிருந்து நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு. புத்தாயிரத்தின் முதல் சூரிய உதயத்துக்காகப் பத்திரிகைகளில் அடிபட்டதே, அதே கச்சால். ஐந்தாண்டு கழித்து, 2004 டிசம்பர் 26இல், கடல் உள்ளே வந்தபோது மறுபடியும் அடிபட்டது. அதன் பிறகு அம்மாயி போர்ட் பிளேருக்கு வந்து சேர்ந்தார். (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் அறிவித்துவிட்டார்கள். அம்மாயி வாயில் அது இன்னும் ‘போட்பிளேர்’தான்.)

படம் எடுக்கச் சம்மதித்தபோது அவர் ஒரே நிபந்தனை போட்டார். “எத வேணா கேளு கண்ணு, சொல்றேன். அந்த ஞாயித்துக்கெழம மட்டும் வேணாம்.” சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகள் “சரி அம்மாயி” என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கச்சாலுக்குப் போக வழியில்லை. நிக்கோபார் தீவுகளில் கால் வைக்கவே, 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி அனுமதி வேண்டும். அதற்கெல்லாம் நாளும் இல்லை, பணமும் இல்லை. மேலிருந்து எடுக்கலாம் என்று கேமராக்காரன் ஆசையாய்ச் சுமந்து வந்த ட்ரோன் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. விமான நிலையம் கூப்பிடு தூரத்தில். ஓடுதளம் கடற்படைக்கும் சேர்த்துத்தான். ஆக மொத்தத் தோட்டத்தையும் ஒரு கொல்லைப்புறத்துக்குள் காட்டியாக வேண்டும்.

வழி காட்டியது அம்மாயியே. “ரப்பர் மரம் இல்லாட்டி என்ன, பலா இருக்குல்ல” என்றார். ரப்பர் பாலை விடியுமுன், குளிர்ச்சி இருக்கும்போது வெட்ட வேண்டும்; வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். எனவே ஐந்து மணிக்கு, பெட்ரோமாக்ஸ் போல் ஒரு எல்.இ.டி. விளக்கைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு பலா மரத்தடியில் நின்றோம். அம்மாயி அரிவாள்மணைக் கத்தியை வேண்டாமென்று தள்ளிவிட்டு, சின்னதாய் ஒரு பேனாக்கத்தி வாங்கிக்கொண்டார். இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் சரிவாய்க் கீழே ஒரே இழுப்பு. ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், மேலாகப் போனால் பால் வராது. கையை விட்டு 20 வருடமாகியும் கை மறக்கவில்லை. பலாப் பால் வெள்ளையாய்த் துளிர்த்துக் கோட்டின் வழியே இறங்கியது. யாரும் பேசவில்லை. கேமராக்காரன் மட்டும் மூச்சை இழுத்துவிட்ட சத்தம் பதிவாகியிருக்கிறது.

மற்ற நாட்களில் பதிவானதெல்லாம் விமானம். அம்மாயி ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார், தலைக்கு மேல் இரைச்சல் வரும். நிறுத்தி, காத்திருந்து, மறுபடி கேட்டால் அதே வாக்கியம் வராது. வேறொன்று வரும், கொஞ்சம் சோர்ந்து. ‘பதேர் பாஞ்சாலி’க்கு 1952இல் முதல் நாள் எடுத்த நாணல் பூக்களை அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் மாடு தின்றிருந்ததாம், சத்யஜித் ராய் அடுத்த பூக்காலம் வரை காத்திருந்தார். எங்கள் மாடு ஒரு நாளைக்குப் பல தடவை வந்தது.

எனக்குக் கொடுத்த வேலை இரண்டு. அம்மாயியின் சேலைக்குள் குட்டி மைக்கைக் குத்துவது, கழற்றுவது. பிறகு சப்டைட்டில். இரண்டாவதில்தான் என் எம்.ஏ. தமிழ் தடுமாறியது. தோட்டத்துக் குடியிருப்பு வரிசைக்கு மலையகத் தமிழில் லயம் என்று பெயர். ‘லைன்’ என்ற சொல்தான் தேய்ந்து லயமாகிவிட்டது. “அங்க லயம், இங்க லைனு. ரெண்டும் ஒண்ணுதான்” என்கிறார் அம்மாயி. இதை ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே சொல் இரண்டு முறை வந்து நிற்கிறது. அதைவிடச் சங்கடம் ‘அரைப்பேர்’. முழு நாள் கூலிக்குப் ‘பேர்’ போடுவார்கள். சொன்ன அளவு வேலை முடியாவிட்டால் அரைப்பேர். “கொழந்த பொறந்து பத்தாம் நாளு போனேன், அரைப்பேருதான் போட்டான்.” அரை நாள் கூலி என்று எழுதினால் கணக்குச் சரி. ஆனால் பாதியாக்கப்பட்டது அவள் பெயர் அல்லவா? அந்த ஒரு வரியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் ‘பாதிப் பெயர்’ என்றே போட்டேன். புரியாதவர் ஒரு நொடி விழிக்கட்டும்.

எடிட்டர் பையன் முன்னதாகவே சென்னை திரும்பிவிட்டான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேர்ந்ததிலிருந்து படத்துண்டுகளை இங்கிருந்தே அனுப்ப முடிகிறது. ஒரு வாரம் கழித்து இரவு 11 மணிக்குப் போன் வந்தது. “ஆன்ட்டி, மூணாவது நாள் கடைசி ஆடியோ ஃபைல் கேட்டீங்களா?”

கேட்டேன். படப்பிடிப்பு முடிந்து நாங்கள் டீ குடிக்கப் போயிருக்கிறோம். மைக்கைக் கழற்ற நான் மறந்திருக்கிறேன். கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டே அம்மாயி என் அக்காவிடம் பேசுகிறார். 9 நிமிடம். அந்த ஞாயிற்றுக்கிழமை. என்ன சொன்னார் என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

எடிட்டர் அதிலிருந்து 40 விநாடியை எடுத்து, பலா மரத்தில் பால் இறங்கும் காட்சியின் மேல் வைத்து அனுப்பினான். பார்த்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதுவரை ஒரு மூதாட்டியைப் பற்றிய நல்ல கல்லூரிப் பாடமாக இருந்தது, அந்த 40 விநாடியில் படமாகிவிட்டது. எடிட்டர் வால்டர் மர்ச்சைத் துணைக்கு அழைத்தான். ஒரு வெட்டு சரியா என்று பார்க்க அவர் சொன்ன 6 அளவுகோல்களில் உணர்ச்சிக்கு மட்டும் 51 விழுக்காடு. கதைக்கு 23, தாளத்துக்கு 10. மற்றதெல்லாம் அதற்கும் கீழே. வாக்குக்கு அவர் பட்டியலில் இடமில்லை.

அக்கா மகள் கூடாது என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘இருக்கட்டும்’ என்றேன். நாம் கேட்கவில்லையே, அவராகச் சொன்னதுதானே என்று வாதாடினேன். இருபது வருடமாக அடுத்தவர் பேச்சை மொழிபெயர்த்துப் பிழைக்கிறவளுக்கு நல்ல வரி ஒன்று கையில் கிடைத்தால் விட மனசு வராது. அந்த 40 விநாடிக்குச் சப்டைட்டில்கூட எழுதி முடித்திருந்தேன். முழுப் படத்திலும் ஒரே மூச்சில் வந்த வரிகள் அவைதான்.

அவரிடமே காட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. மடிக்கணினியைச் சமையலறை மேடையில் வைத்தோம். தன் முகத்தைப் பார்த்து அம்மாயி வெட்கப்பட்டார், பல்லைப் பற்றி ஏதோ சொன்னார். பலா மரம் வந்தது. குரல் வந்தது.

“இந்த எடத்துல நான் வாயே தொறக்கலையே. யாரு பேசுறது?”

யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே தெரிந்தது. கோபப்படவில்லை. “மாவு அரைக்கணும்” என்று எழுந்து போனார். மறுநாள் வாசலில் என்னைப் பார்த்தபோது வழக்கம்போலச் சாப்பிட்டாயா என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்வதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

குரலை எடுத்தாயிற்று. 9 நிமிடக் கோப்பை எடிட்டர் தன் கணினியிலிருந்தும், அக்கா மகள் தன்னுடையதிலிருந்தும் அழித்தார்கள். என்னுடைய சப்டைட்டிலையும். படம் 14 நிமிடத்திலிருந்து 11ஆகச் சுருங்கியது. அந்தக் குரலை நம்பி நின்றிருந்த இரண்டு காட்சிகள் தாமாகவே விழுந்துவிட்டன. கல்லூரியில் தேர்ச்சி கிடைத்தது. விழாவுக்கு அனுப்பிய படங்களில் இது இல்லை. நடுவில் தொய்வு என்றார்களாம். உண்மைதான்.

பால் இறங்கும் காட்சி மட்டும் ஊமையாக நின்றது. என்ன வைப்பது என்று எடிட்டர் எல்லாவற்றையும் தேடிவிட்டு, நாங்கள் நான்கு நாளும் திட்டித் தீர்த்த விமான இரைச்சலில் ஒன்றை எடுத்து, தூரத்தில் தொடங்கி மெல்ல நெருங்கிவரும்படி அதன் அடியில் போட்டான்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாயிக்கு மறுபடி போட்டுக் காட்டினோம். அந்த இடம் வந்ததும் அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து, சமையலறைக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“ஃபிளைட்டு வந்திருச்சா?” என்றார்.