அம்மாவோட முதல் டூர்

ஹாஸ்டல்ல யாராவது சொந்த ஊர் கேட்டா, ‘திண்டிவனம் பக்கம்’னு முடிச்சிடுவேன். உண்மையான ஊர் மேல்மலையனூர். அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்கு அமாவாசை தவறாம பஸ் பஸ்ஸா கூட்டம் வரும். அந்தக் கூட்டத்துக்கு எலுமிச்சம்பழமும் குங்குமமும் விக்கிறவங்க எங்க அம்மா. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இந்த ‘திண்டிவனம்’.

வெளியூர்க்காரங்களை நம்பியே வாழ்ந்த அம்மா, தான் எங்கேயும் சுத்திப் பார்க்கப் போனதில்லை. கேம்பஸ்ல வேலை கிடைச்சதும், “எங்கம்மா போலாம்?”னு கேட்டேன்.

“பௌர்ணமிக்குக் கடை இல்ல. திருவக்கரை போலாம்டா.”

செஞ்சிப் பக்கத்துல இருந்து வர்ற சங்கராபரணி ஆத்தங்கரையில இருக்கு அந்தச் சின்ன ஊர். கொஞ்ச தூரத்துல புதுச்சேரி எல்லை. எங்க ஊருக்கு அமாவாசைன்னா, இங்க வக்கிரகாளியம்மனுக்குப் பௌர்ணமி.

சாயங்காலம்தான் கோயில்னு முதல்ல கல்மரப் பூங்காவுக்குப் போனோம். 1781-லயே சொனரா என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பத்திப் பதிவு பண்ணியிருக்கார். பக்கத்துலயே வளர்ந்த எனக்கு 21 வயசுலதான் தெரியுது! சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி புதைஞ்ச மரங்கள். தண்ணியில கரைஞ்ச சிலிக்கா உள்ள இறங்கி, கொஞ்சம் கொஞ்சமா கல்லாயிடுச்சு. மரத்தோட வரி கூட அப்படியே தெரியுது. கிளை, இலை எதுவும் இல்லாம அடிமரம் மட்டும் கிடக்கிறதால, வெள்ளம் எங்கிருந்தோ அடிச்சிட்டு வந்ததுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

இதையெல்லாம் சொன்னேன். அம்மா கல்லைத் தடவிப் பார்த்தாங்க.

“என்னை மாதிரிதான். மலையனூருக்கு வாக்கப்பட்டு வந்து அங்கேயே கல்லாயிட்டேன்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் வாங்கினோம். பழக்கதோஷத்துல பேரம் பேச ஆரம்பிச்சேன். அம்மா கையைக் கிள்ளினாங்க.

“கேட்ட காசைக் குடுடா. ராத்திரி முழுக்க உக்காந்திருப்பா.”

இத்தனை வருஷம் அம்மாகிட்ட பேரம் பேசினவங்க எத்தனை பேரோ!

அடுத்த அமாவாசைக்கு ரூம்மேட்ஸ் மூணு பேர் ஊருக்கு வர்றாங்க. நீங்களும் வரலாம். வழி தெரியலன்னா, எலுமிச்சம்பழக்கடை அம்மாவோட பையன் எங்கேன்னு கேளுங்க. அன்னிக்குக் கடையில நான்தான் இருப்பேன்.