உட்காரும் இடம்

சித்திரை 29

வீட்டுக்காரருக்குக் கணுக்கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டாயிற்று. தறி நின்றுவிட்டது. குழித்தறியில் கையைப் போலவே காலும் உழைக்க வேண்டும். குழிக்குள் மிதித்தால்தான் விழுது ஏறி இறங்கும், இழை பிரியும், நாடா ஓடும். பாவு பாதியில் நிற்கிறது.

வைகாசி 2

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் கோர்வைக்குத் துணையாள் கேட்கிறார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் இல்லாமல் நடக்காது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இவர் ஒன்றும் பேசவில்லை. பிள்ளையார்பாளையத்திலிருந்து தினமும் ஆட்டோவுக்குக் கொடுத்தால் கூலியில் என்ன மிஞ்சும்? மகள் பிளஸ் ஒன் படிக்கையில் அரசு கொடுத்த சைக்கிள் இருக்கிறது. சீட்டு மட்டும் கிழிந்திருந்தது, புதிதாக மாற்றினேன்.

வைகாசி 6

வலி.

வைகாசி 9

எங்கே வலிக்கிறது என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. மூங்கில் மண்டபம் தாண்டும்போதே மரத்துப்போகிறது. இறங்கி நடந்தால் எரிகிறது. வேலை செய்யும் வீட்டில் நாள் முழுக்க வெறும் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே ஒன்றும் செய்வதில்லை. மெத்தென்ற சீட்டில் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. இது எப்படி?

சைக்கிள் கடைப் பெரியவரிடம் "சீட்டு சரியில்லண்ணே" என்றேன். அதற்குமேல் வாய் வரவில்லை. அவர் நல்ல மனிதர். "இன்னாம்மா, பஞ்சு பத்தலையா?" என்று கேட்டு, இன்னும் தடிமனாக ஒரு கவர் எடுத்து மாட்டிவிட்டார். வலி கூடித்தான் போனது. ஆண்களும் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள்தான். ஆனால் கடையில் உட்கார்ந்திருப்பவரும் ஆண், நிற்பவரும் ஆண் என்றால் ஒரு கையசைவில் புரிந்துவிடும். எனக்கு அந்த வழி இல்லை.

வைகாசி, கருட சேவை

ஊரே தெருவில். சைக்கிள் எடுக்கவில்லை. நடந்தே போனேன், உடம்பு லேசாக இருந்தது.

வைகாசி 19

மகளிடம் போனில் சொல்லிவிட்டேன். பிசியோதெரபி படிக்கிற பெண்ணிடம் என்ன வெட்கம். அவள் சிரிக்கவில்லை. புட்டத்துக்குள் இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றனவாம், உட்காரும் எடையை அவைதான் தாங்க வேண்டும். பெண்களுக்கு அந்த இடைவெளி பொதுவாகக் கொஞ்சம் அகலம். பஞ்சு அதிகமானால் எலும்பு அமிழ்ந்துபோகும், நடுப்பகுதி எழும்பி, நரம்பும் ரத்தக் குழாயும் ஓடும் மெல்லிய சதையை அழுத்தும். மரத்துப்போவது அதனால்தான்.

அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு மூக்கில்லாத சீட்டு கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னார்களாம். 2008-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மரத்துப்போவது வெகுவாகக் குறைந்ததாம். அந்தப் போலீஸ்காரர்கள் தங்கள் உடம்பைப் பற்றி வெட்கப்படாமல் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் அது தெரியவந்தது. இதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வைகாசி 21

எதிர்வீட்டு டீச்சரக்கா புதுக்கோட்டைக்காரர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்றவர். ஆயிரக்கணக்கான பெண்கள் அப்போது ரோட்டுக்கு வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். "வலிச்சுதாக்கா?" என்று கேட்டேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "வலிக்காமயா? பழைய புடவைய மடிச்சுக் கட்டிப்போம். ஆனா யாருகிட்டயும் சொல்லல. சொன்னா வண்டிய வாங்கி வச்சிருவாங்களே." இத்தனை வருடம் கழித்து முதல்முறையாக என்னிடம்தான் சொல்கிறார் என்று தோன்றியது. இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வைகாசி 27

கடையில் பெரியவருடைய சொந்த சைக்கிளைப் பார்த்தேன். அவருடைய அப்பா ஓட்டியது. தோல் சீட்டு, புரூக்ஸ் கம்பெனி. 1882-இல் பேடண்ட் வாங்கிய இங்கிலாந்துக் கம்பெனி என்று பெருமையாகச் சொன்னார். அடியில் பலகையும் இல்லை, பஞ்சும் இல்லை. முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தடித்த தோல், தொய்ந்தால் முன்பக்க நட்டைத் திருகி இறுக்கலாம். பின்பாகத்தில் இரண்டு பள்ளம், பக்கத்துக்கு ஒன்று. மகள் சொன்ன எலும்புகள்! அந்த மனிதர் இறந்து எத்தனையோ வருடமாகிறது, உட்கார்ந்த இடம் அப்படியே இருக்கிறது. "இது இன்னொருத்தருக்கு ஆகாதும்மா. எனக்கே ஆவல" என்றார். தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

வைகாசி 28

பஞ்சுக் கவரைக் கழற்றினேன். கொஞ்சம் பரவாயில்லை.

ஆனி 3

மழை. தறிக்குழியில் தண்ணீர் கசிகிறது. இவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேசினால் எரிந்து விழுகிறார். எனக்கும் பேச ஆசையில்லை.

ஆனி 8

ஞாயிறு. கட்டைக் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தச் சொன்னார். பாவு நூலின் ஒரு முனையைக் கேரியரில் கட்டி, சீட்டுக்கு மேலாக மட்டமாக இழுத்துப் பிடித்து, "மூக்கு தூக்கியிருக்கு பாரு" என்றார். தூக்கித்தான் இருந்தது. ஸ்பேனரை வாங்கி அவரே இறக்கினார்.

பிறகு என்னை ஏறி உட்காரச் சொல்லி, மிதியைக் கீழே கொண்டுவந்து குதிகாலை வைக்கச் சொன்னார். முட்டி மடங்கியிருந்தது. கால் தரையில் எட்ட வேண்டும் என்ற பயத்தில் சீட்டை அடிமட்டத்தில் வைத்திருந்தேன், புடவையில் ஓட்டும் எல்லாரும் அப்படித்தான் வைப்போம். அப்படி வைத்தால் கால் எடை தாங்காது, மொத்த உடம்பும் சீட்டில்தான். "தறிப் பலகைய இவ்ளோ தாழ்வா போட்டா மிதிக்க முடியுமா? இடுப்பு போயிரும்" என்று திட்டினார். தம்பி தறியில் உட்காரும்போதெல்லாம் பலகைக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துவோமே, அதே கணக்கு. குதிகால் வைத்தால் கால் நேராக நிற்கும் அளவுக்குச் சீட்டை ஏற்றினார். குனிந்தபோது அவருக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனி 9

கீரை மண்டபம் சிக்னலில் கால் எட்டாமல் தடுமாறினேன். பயம். ஆனால் மரத்துப்போகவில்லை.

ஆனி 17

கட்டுப் பிரித்தாயிற்று. மிதி போட இன்னும் பொறுக்கச் சொல்கிறார் டாக்டர். எனக்கு இடதுபக்கம் மட்டும் சாயங்காலத்தில் லேசாக மரக்கிறது. அகலமான ஸ்பிரிங் சீட்டு சென்னையிலிருந்து வரவழைப்பதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். இந்த முறை அவரிடம் வலிக்கும் இடத்தைச் சொன்னேன். தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டு, நோட்டில் அகலத்தை எழுதிக்கொண்டார்.

ஆனி 22

சீட்டு வரவில்லை. நாளை வேலை செய்யும் வீட்டில் முந்தி ஆரம்பிக்கிறோம், சீக்கிரம் வரச் சொன்னார்கள்.