சும்மா உக்காந்துட்டேன்

"விழுந்தீகளா அப்பத்தா?" என்று கேட்டால் சிவகங்கைப் பக்கத்தில் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "நா எதுக்குத்தா விழுகப் போறேன்" என்று முந்தானையை இழுத்துவிட்டுக் கொள்வார்கள். கேட்கும் விதம் தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. இப்போது இப்படிக் கேட்கிறேன்: "கடைசியா எப்ப கீழ உக்காந்தீக?" பதில் உடனே வந்துவிடும். "தை அமாவாசைக்கு மறுநா. அடிபம்புகிட்ட சும்மா உக்காந்துட்டேன்." சும்மா உட்கார்ந்தவருக்கு முழங்கையில் ஏன் அவ்வளவு பெரிய தழும்பு என்று நான் கேட்பதில்லை.

மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விழுந்தேன் என்று வாயால் சொன்ன அன்றோடு ரேஷன் கடைக்குத் தனியாகப் போவது நின்றுவிடும். மகன் திருப்பூருக்குக் கூட்டிப்போய் மூன்றாவது மாடியில் வைத்துவிடுவான். இரண்டு ஆடுகளையும் விற்றுவிடுவார்கள்.

நான் இயன்முறை மருத்துவர். ஊரில் 'எக்சைஸ் அம்மா'. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருவதும் ஒரு அங்கம். அந்த வேலையாகத்தான் ஊர் ஊராகப் போகிறேன். என்னைக் கூப்பிடுவதெல்லாம் பெரும்பாலும் எலும்பு முறிந்த பிறகு. முறியாதவர் வீட்டு வாசலில் நின்று "கொஞ்சம் எந்திரிச்சு நடங்க பாப்போம்" என்று கேட்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

பரிசோதனை எளிமையானது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 நொடிக்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய ஆள் என்று கணக்கு. எங்கள் ஊர் பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்டுத் தரையில் வழுக்கும், அதனால் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்வேன். நொடியைவிட எனக்கு வேறு விஷயங்கள் முக்கியம். எழும்போது கை தொடையை ஊன்றுகிறதா? திரும்பும்போது இரண்டு எட்டில் திரும்புகிறாரா, அம்மி நகர்த்துவது போல ஏழெட்டு எட்டா? பாதி வழியில், "பேத்திக்கு எப்ப கல்யாணம்?" என்று கேட்பேன். நடந்துகொண்டே பதில் சொன்னால் நிம்மதி. பதில் சொல்வதற்காக நின்றுவிட்டால் என் நோட்டில் அந்தப் பெயருக்குக் கீழே கோடு விழும். பேச்சுக்காக நடையை நிறுத்துகிறவர்கள் பிறகு ஒருநாள் விழும் வாய்ப்பு அதிகம் என்று 1997-லேயே சுவீடனில் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

பிரஷரை உட்கார வைத்துப் பார்த்ததோடு விடமாட்டேன். எழுந்து நிற்க வைத்து, மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறை. மேல் எண் 20 இறங்கினால் அதிகாலையில் கட்டிலை விட்டு எழும்போது கண் இருட்டும். அப்படி ஒரு பெரியவருக்கு பிரஷர் மாத்திரையும் ஒன்னுக்கு மாத்திரையும் ராத்திரி ஒரே வேளையில் போய்க்கொண்டிருந்தன. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொன்னேன், வேளையை மாற்றிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் தலைசுற்றல் நின்றது.

என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தாத்தாவின் தடுமாற்றத்தைப் பார்த்துப் பயந்து, "தனியா நடக்க விடாதீங்க" என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர்களும் பாசத்தோடு கட்டிலிலேயே வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் தொடைச் சதை கரைந்துவிட்டது. ஒரு ராத்திரி யாரையும் எழுப்ப மனசில்லாமல் ஒன்னுக்குப் போக எழுந்தார். இடுப்பு முறிந்தது. 'நடக்க விடாதீங்க' என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

நடையைப் பார்த்த பிறகு கழிப்பறை. 12,000 ரூபாய் மானியத்தில் ஊருக்கு ஊர் வந்தது பெரிய காரியம், அதில் குறை சொல்ல எனக்கு நா எழாது. காட்டுக்கு ராத்திரியில் போய்ப் பள்ளத்தில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் உள்ளே போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டு எழுந்து பாருங்கள். பிடிக்க ஒன்றும் இருக்காது. சிலர் நைலான் கயிற்றை மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எழும்போது கயிறு ஆடும், ஆளும் சேர்ந்து ஆடுவார். நான் பார்த்ததில் பெரும்பாலான கதவுகள் உள்பக்கமாகத்தான் திறக்கின்றன. நாலடி அறையில் ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும். ஒரு வீட்டில் தகரக் கதவை வெட்டி எடுத்தார்கள். கீலை வெளிப்பக்கம் மாற்ற வெல்டருக்கு அரை மணி நேர வேலை.

கைப்பிடிக்கு ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப் போதும். ஹாலோ பிளாக் சுவரில் திருகாணி நிற்காது. துளையை அந்தப்புறம் வரை போட்டு, இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்க வேண்டும். கொத்தனார் கூலியோடு 2,000 ரூபாய்க்குள் அடங்கும். இதற்காக ஒரு அலுவலகத்தில் போய் நின்றேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். "சரிம்மா, இதை எந்தத் தலைப்புல எழுதுறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் உடைந்த இடுப்புக்கு ஆபரேஷன் ஆகிவிடும். உடையாத இடுப்புக்குத்தான் தலைப்பு இல்லை. நியூசிலாந்தில் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்குப் பிடிக்கும். அங்கே விபத்துக்குப் பணம் கட்டுவது ஏ.சி.சி. என்கிற அரசுக் கழகம். ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 80 வயது தாண்டிய பெண்களுக்கு வீட்டிலேயே கால் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுத்து, விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவதைக் காட்டினார்கள். எலும்பு முறிந்தால் தன் பையிலிருந்து போகும் பணம் என்று அறிந்த கழகம் அந்தப் பயிற்சிக்கே பணம் கொடுத்தது. இங்கேயும் ஆபரேஷனுக்குக் கட்டுகிற கைதான் பைப்புக்கும் கட்ட வேண்டும் என்பேன். 2031-ல் தமிழ்நாட்டில் 100-க்கு 18 பேர் அறுபதைக் கடந்திருப்பார்கள் என்பது கணிப்பு. ஊன்றுகோலுக்காவது 2017 முதல் மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது. ஆனால் கோலின் தலை மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும், வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லித்தர வேண்டும். தேய்ந்துபோன ரப்பர் புஷ்ஷை யாராவது மாற்றித்தர வேண்டும். புஷ் இல்லாத கோல் ஈரச் சிமெண்டில் ஆளையே இழுத்துப் போட்டுவிடும்.

அடிபம்புகிட்ட 'உக்காந்த' அப்பத்தா வீட்டில் கைப்பிடி போட்டது மகன் அனுப்பிய பணத்தில். அடுத்த மாதம் போனபோது அதில் ஈரத் துண்டு தொங்கியது. "துணி காயப்போட நல்லாருக்குத்தா" என்றார். எனக்குச் சப்பென்று ஆனது. துண்டை விலக்கிப் பார்த்தேன். நான் அளந்து வைத்த நடுப்பகுதியில் பெயிண்ட் புத்தம் புதிதாக இருந்தது. கீழே, வளைவை ஒட்டி, ஒரு கை அகலத்துக்கு இரும்பு தெரியும் அளவு தேய்ந்திருந்தது. அவர் பிடிப்பது அங்கே. அடுத்த வீட்டுக்குப் பைப் மாட்டியபோது நாலு விரல் இறக்கி மாட்டச் சொன்னேன்.