வைத்தியும் ரமாமணியும்

முற்காலத்து நாகசுர வித்துவான், ஆடல்மகள், நாடகக்காரி ஆகியோரின் வாழ்வைக் காட்டுவது, 1968ஆம் ஆண்டு ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' என்னும் படம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையே அதன் மூலம். அதில் சவடால் வைத்தியாகத் தோன்றும் நாகேஷ், இன்று திருப்பூர் மாவட்டத்தில் அடங்கிய தாராபுரத்தில் பிறந்தவர். வடிவாம்பாளிடம் வைத்தி குழைந்து பேசுவதையும், செல்வர்முன் உடல் வளைந்து நிற்பதையும் கண்டு சிரியாதார் இலர். ஆயினும் அவன் தொழில் யாது? மோகனாவைச் செல்வருக்கு விலைபேசுவதன்றோ! சிரித்த வாய் மூடுமுன்பே நெஞ்சு துணுக்குறுகிறது. இத்துணைக் கொடியவனை முற்றும் வெறுக்க விடாமல் நடித்ததே நாகேஷின் திறம்.

ஜில்ஜில் ரமாமணியாக வரும் மனோரமாவின் நகைச்சுவை வேறு வகையினது. நாகசுர இசையில் மயங்கிய அந்நாடகக்காரி, இவ்வோசை இவருடைய நாயனத்தில் மட்டுந்தான் எழுமோ, எல்லா நாயனங்களிலும் எழுமோ என்று வித்துவானையே வினவுகிறாள். அறியாமைதான், எனினும், கற்றோர் கூறும் பாராட்டுகளுள் இதற்கு நிகரானது எது? மனோரமாவும் நாடக மேடையில் வளர்ந்தவரே. ரமாமணியை எவரும் எள்ளும்படி அவர் ஓரிடத்தும் நடிக்கவில்லை.