பழைய ரம்பத்திற்குப் புதிய பார்

பல உறுப்புக்கள் கூடியதே ஒரு பொறி. அவ்வுறுப்புக்களுள் ஒன்று தேய்ந்தவிடத்துப் பொறி முழுவதையும் களைந்து புதியது கொள்ளுதல் செல்வர்க்கு எளிது. நாட்கூலியால் வாழ்வார்க்கு அஃது இயலாது. தேய்ந்த உறுப்பொன்றனையே மாற்றி, பழைய பொறியை மேலும் சில ஆண்டுகள் உழைக்கச் செய்தல் வேண்டும். அங்ஙனம் மாற்றுமிடத்துப் பிழை நேரின் பொருளிழப்போடு அமையாது. சிற்சில பொறிகளில் கையிழப்பும் நேரும். சங்கிலி ரம்பம் அத்தகையதொன்று. அதற்குரிய பாரினைத் தெரிந்தெடுக்கும் முறையை எமது அனுபவங்கொண்டு ஈண்டு எழுதப் புகுகின்றோம். செய்யுள் பயிலும் நுமக்கு இரும்பின் ஆராய்ச்சி எற்றுக்கு என நண்பர்கள் வினவலாம். வெண்பாவில் ஒரு சொல் எத்துணை அழகியதாயினும், தளை பொருந்தாவிடின் அதனை விலக்குகின்றோமன்றோ? அந்நியதியே இங்கும் உளதென்பது போகப் போகப் புலனாகும்.

எமது ஊராகிய சிங்காரப்பேட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில் உள்ளது. இளைஞர் பலர் ஓசூர் ஆலைகளுக்குச் சென்றுவிட, எஞ்சியோர் மண்ணையும் மரத்தையும் நம்பி வாழ்கின்றனர். எம் சிற்றப்பா மரமறுக்கும் தொழிலினர். 2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த பெஞ்சல் புயல், உள்நாடு புகுந்து, டிசம்பர் 2 ஆம் நாட் காலையோடு முடிந்த ஒரு நாளில் ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழையைச் சொரிந்தது. ஏரி நீர் பெருகிச் சாலையோரம் நின்ற ஊர்திகளையும் அடித்துச் சென்றது. அதன்பின் பல வாரங்கள் சிற்றப்பாவிற்கு ஓயாத வேலை. வெள்ளத்திற் கிடந்த மரத்தின் பட்டையில் மணல் செறிந்திருக்கும்; புளியமரமோ இயல்பிலேயே வைரமேறியது. இரண்டும் கூடி அவரது பழைய ரம்பத்தின் பாரினைத் தின்றுவிட்டன.

பார் என்பது பல் பொருந்திய செயின் சுற்றியோடும் நீண்ட எஃகுப் பட்டை. அதன் விளிம்பு நெடுகக் காடி ஒன்று உண்டு. செயினின் அடிக்கண்ணிகள் அக்காடியில் இறங்கி ஓடும். ஆகவே பாரும் செயினும் ஒன்றற்கொன்று அளவொத்துப் பிறந்தவை. இப்பொறியின் வரலாறும் இதனையே காட்டும். ஜெர்மனியில் 1926 இல் ஆண்டிரியாஸ் ஸ்டில் என்பார் மின்விசையால் இயங்கும் சங்கிலி ரம்பத்தை ஆக்கினார். மறுவாண்டில் எமில் லெர்ப் என்பார் பெட்ரோலால் இயங்குவதைச் செய்து, டோல்மார் என்னும் குன்றில் சோதித்தார். அமெரிக்க மரமறுப்பாளராகிய ஜோசப் காக்ஸ், 1946 இல் மரத்தைக் குடையும் வண்டின் புழுவொன்று இடமும் வலமுமாகக் கறித்துச் செல்வதைக் கண்டு, அம்முறையிற் பல்லமைந்த செயினை வகுத்தார். இன்று வழங்கும் செயின்கள் பெரும்பாலும் அதன் வழி வந்தவையே.

பார் தேய்ந்ததென்பதை அறிவது எங்ஙனம்? சமனான கல்லின்மேல் அதனை விளிம்பூன்றி நிறுத்தினோம், ஒருபுறம் சாய்ந்தது. காடியின் இருகரையும் ஒத்த உயரமுடையனவல்ல என்பது தெளிவாயிற்று. கரையில் ஓரிடம் நீலம் பாரித்திருந்தது. எண்ணெய் செல்லாது சூடேறியதன் அடையாளம் அஃது. அடிக்கண்ணியின் நுனி காடியின் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விளிம்பிற் பிசிறு மட்டும் இருப்பின் அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். காடியே ஆழங்குறைந்தபின் மாற்றுதலன்றி வேறு வழியில்லை.

புதிய பார் கொள்வார் நோக்கவேண்டியவை ஐந்து: பிச், கேஜ், அடிக்கண்ணிகளின் எண், நீளம், வாலின் அமைப்பு. இவ்வளவுகளுட் பல பாரின் வாற்புறத்தே பொறிக்கப்பட்டிருக்கும். சிற்றப்பாவின் பாரிலோ எழுத்துக்கள் தேய்ந்தொழிந்தன. எனவே யாமே அளக்கலுற்றோம். ஓசூர் ஆலையொன்றிற் பணிபுரியும் நண்பர் வெர்னியர் அளவுகோலைத் தந்துதவினார்.

செயினில் அடுத்தடுத்துள்ள மூன்று ரிவெட்டுக்களுள் முதலதன் நடுவினின்று மூன்றாவதன் நடுவரை அளந்து பாதியாக்கினால் வருவது பிச். எமக்குக் கிடைத்தது 16.5 மில்லிமீட்டர்; அதன் பாதி 0.325 அங்குலம். எட்டில் மூன்று அங்குலப் பிச்சாயின் அவ்வளவு 19 மில்லிமீட்டராகும். இவ்வேற்றுமை கண்ணுக்குச் சிறிது; ஆயினும் எஞ்சினை ஒட்டிய பற்சக்கரமும் பாரின் முனையிலுள்ள சிறு சக்கரமும் செயினின் பிச்சோடு ஒவ்வாவிடின் செயின் அவற்றில் அமராது. கேஜ் என்பது அடிக்கண்ணியின் தடிப்பு. எமது செயினில் அது 1.5 மில்லிமீட்டர், அதாவது 0.058 அங்குலம். காடி அதனினும் குறுகின் செயின் இறங்காது. அகலின் செயின் ஆடி, அறுப்புக் கோணும். அடிக்கண்ணிகள் 72. நீளம் 18 அங்குலம். நீளத்தைப் பொறியின் முகப்பினின்று பாரின் நுனிவரையே அளத்தல் வேண்டும். உள்ளே மறைந்த வாலினைச் சேர்த்தளத்தல் கூடாது.

இவ்வளவுகளோடும் பழைய பாரோடும் கிருஷ்ணகிரிக்குச் சென்றோம். கடைக்காரர் ஒருவர் 22 அங்குலப் பாரொன்றை எடுத்துவைத்து, "இது பாதி விலை, பெரிய புளியையும் ஒரே வெட்டில் அறுக்கும்" என்றார். சிற்றப்பாவின் கண்கள் அதன்மேற் சென்றன. பாதி விலை என்பது அவருக்கு இரண்டு நாட்கூலி. யாம் பழைய பாரின் வாலினை அதன் வாலின்மேல் வைத்து வெளிச்சத்திற்கு நேரே பிடித்துக் காட்டினோம். ஆணி செல்லும் நீள்துளை ஒத்திருந்தது. எண்ணெய்த் துளை ஒக்கவில்லை. அங்ஙனமாயின் எண்ணெய் காடியை அடையாது. புதிய பாரும் விரைவில் நீலம் பாரிக்கும். அன்றியும், சிறிய எஞ்சின் நீண்ட செயினை இழுக்கமாட்டாது தளரும்.

இவற்றினும் பெரியதொன்று உண்டு. பாரின் முனையின் மேற்பாதி மரத்திலேனும் கிளையிலேனும் பட்டால், ஓடும் செயின் அங்கே பற்றிக்கொள்ள, ரம்பம் அறுப்பவன் முகத்தை நோக்கித் துள்ளியெழும். முனை பருத்திருப்பின் அத்துள்ளலும் வலிது. புதிய பொறிகளில் அக்கணமே செயினை நிறுத்தும் பிரேக் உண்டு. சிற்றப்பாவின் பழைய பொறியில் அஃதில்லை. அவரோடு கூலிக்குச் செல்லும் ஒருவரது கன்னத்திலுள்ள நெடுந்தழும்பு இவ்வாறு வந்ததே. அதனை நினைவூட்டியபோது சிற்றப்பா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "தம்பி, ஒத்த அளவையே கேள்" என்றார்.

வேறொரு கடையில் வாலும் துளையும் முற்றும் பொருந்திய, முனை சிறுத்த 18 அங்குலப் பார் கிடைத்தது. பழைய பற்சக்கரத்திற் செயின் அரித்த பள்ளம் தெரிந்தமையின், அதனையும் செயினையும் உடன் மாற்ற நேர்ந்தது. தேய்ந்த சக்கரம் புதிய செயினைக் கெடுக்கும். தேய்ந்த செயின் புதிய பாரினைக் கெடுக்கும். செலவு நான்கு நாட்கூலியைத் தாண்டிற்று. அவ்வாரம் வீட்டில் பல தேவைகள் ஒதுக்கப்பட்டன.

பிரேக் இல்லாக் குறையைப் பாரொன்று தீர்த்துவிடாது. ஆதலின் தோளுக்கு மேல் உயர்த்தி அறுப்பதையும், மரமேறி அறுப்பதையும் சிற்றப்பா அன்றே விட்டார். வீழ்ந்து கிடக்கும் மரத்தை மட்டும் இருகாலூன்றி அறுக்கின்றார். பிரேக் உள்ள பொறிக்கெனச் சிறிது சிறிதாகப் பணம் சேர்க்கின்றார். செயினைத் தீட்டுந்தோறும் பாரினைக் கவிழ்த்து மாட்டுதலால் இருவிளிம்பும் ஒப்பத் தேய்கின்றன. காடியை வழித்து, எண்ணெய்த் துளையைக் குத்தித் தூய்மை செய்வதும் நாடோறும் நிகழ்கின்றது. எஞ்சினினின்று வடித்த கரிய எண்ணெயை ஊற்றும் வழக்கமும் ஒழிந்தது.

எம் நண்பர்களுட் பலர் இவ்வாறு கையால் உழைப்போரின் பிள்ளைகளே. நாம் கற்ற கல்வி அவர்தம் தொழிலுக்கு அயலானது என்று எண்ணி விடுமுறையைக் கழித்தல் வேண்டா. எழுத்துத் தேய்ந்த இரும்பையும் அளந்து படிக்கலாம். ஒரு துளையின் பொருத்தம் நோக்கச் செலவிடும் அரை நாழிகை, வீட்டிலொருவர் கையையும் முகத்தையும் காக்குமாயின், அதனினும் சிறந்த பாடம் விடுமுறையில் வேறு யாது?